உச்சி வெயிலும் அந்தி விளக்கும்: மதுரைச் சமவெளியின் எரிபொருள் மாற்றம்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதையுண்ட உயிர்ப்பொருள்களிலிருந்து உருவான நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றைப் புதைபடிவ எரிபொருள்கள் என்பர். இவற்றைக் கைவிட்டு வேறு ஆற்றல் மூலங்களுக்கு மாற வேண்டும் என்று ஒரு நாடு அறிவிப்பது எளிது. அந்த அறிவிப்பு ஒரு வயற்காட்டு மின்கம்பம் வரை வந்து சேரும்போது எத்தகைய சிக்கல்களைச் சந்திக்கிறது என்பதை அறிய, மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் போலப் பொருத்தமான களம் அரிது. நகரத்திற்குத் தென்கிழக்கே கமுதியில் பெரும் சூரிய மின் நிலையம் இருக்கிறது. மேற்கே கம்பம் கணவாயிலும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. முல்லைப் பெரியாற்று நீர் லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து விழும்போது மின்சாரம் தருகிறது. தூத்துக்குடியில் நிலக்கரியும் கூடங்குளத்தில் அணுவும் மின்சாரம் ஆகின்றன. வெயிலுக்கோ காற்றுக்கோ இங்கே பஞ்சமில்லை. அவை கிடைக்கும் நேரத்துக்கும் மக்களுக்கு மின்சாரம் வேண்டியிருக்கும் நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியே இப்பகுதியின் உண்மையான தடை. மற்றச் சிக்கல்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

எரிபொருளை மாற்றிக்கொள்வது மதுரைக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்த்த டி.வி.எஸ். நிறுவனம் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தது. மூடிய கலத்திற்குள் மரக்கரியைக் குறைந்த அளவு காற்றில் எரித்தால் அது முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக மாறும். அந்த வாயுவை வடிகட்டி, குளிரவைத்து எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் இல்லாமலேயே வண்டி ஓடும். காற்றிலுள்ள நைட்ரஜனும் அதில் கலந்திருப்பதால் வாயுவின் வெப்பத்திறன் குறைவு. எனவே எஞ்சினின் வலுவும் பெருமளவு குறையும். கரியை நிரப்புவது, சாம்பலை அள்ளுவது, வண்டி கிளம்புவதற்கு நெடுநேரம் முன்பே நெருப்பு மூட்டுவது என்று ஓட்டுநரின் வேலையோ கூடும். இத்தனைத் தொல்லைகளையும் பொறுத்துக்கொள்ளச் செய்தது தட்டுப்பாடு. போர் முடிந்து பெட்ரோல் மீண்டும் கிடைத்ததும் அந்தத் தொழில்நுட்பம் சாலைகளிலிருந்து மறைந்துவிட்டது. நெருக்கடியின் கட்டாயத்தால் நடந்த மாற்றம் நெருக்கடியோடு முடிந்துபோகும் என்பதற்கு இதைவிட அண்மையான சான்று தேட வேண்டியதில்லை. இன்றைய மாற்றமோ, நிலக்கரி கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, அதைவிட வசதியான ஒன்றைத் தந்து மக்களை இசையச் செய்ய வேண்டிய மாற்றமாகும்.

கமுதி நிலையத்தைச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும். இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட நிலத்தில் ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் அதானி குழுமம் அமைத்த 648 மெகாவாட் திறனுள்ள இந்நிலையம் 2016இல் நிறைவடைந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியதாகக் கருதப்பட்டது. இருபத்தைந்து இலட்சம் தகடுகள் கொண்ட இப்பணி எட்டு மாதங்களில் முடிந்தது. அதே திறனுள்ள அனல் மின் நிலையம் ஒன்றைக் கட்ட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால், இந்த வேகம் புதிய தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய வலிமை என்று தயங்காமல் சொல்லலாம். தகடுகளில் படியும் புழுதி மின் உற்பத்தியைக் குறைத்துவிடும் என்பதால் அதைத் துடைக்க நீர் செலவழிக்காத தானியங்கித் துடைப்பான்கள் அமர்த்தப்பட்டிருப்பது, குடிநீருக்கே தவிக்கும் அம்மாவட்டத்தில் சிறு விஷயமன்று.

ஆனால் 648 மெகாவாட் என்பது உச்சி வெயிலில் அந்நிலையம் தரக்கூடிய மிகுதியான அளவே தவிர, எப்போதும் தரும் அளவு அன்று. இரவும் மேகமும் காலை மாலைச் சாய்வொளியும் சேர்ந்து, இத்தகைய நிலையங்களின் ஆண்டு சராசரி உற்பத்தியை உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 110 கோடி யூனிட் வரை கிடைக்கும். இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ எரிகிறது என்று கொண்டால், எட்டு இலட்சம் டன் நிலக்கரி ஆண்டுதோறும் எரியாமல் மிஞ்சும். இது பெரிய ஆதாயம். எனினும் எழுபது விழுக்காடு அளவில் ஓடும் அதே திறனுள்ள அனல் நிலையம் இதைப்போல் மூன்றரை மடங்கு மின்சாரம் தரும். நிறுவு திறன், அதாவது இயந்திரங்களின் மொத்த ஆற்றல், வேறு. உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரம் வேறு. 2025இல் இந்தியாவின் நிறுவு திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராததாகிவிட்டது என்ற செய்தியும், அதே காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அளவு நிலக்கரியிலிருந்தே வருகிறது என்ற செய்தியும் ஒன்றையொன்று மறுக்காமல் இரண்டுமே உண்மையாக இருப்பது இந்த வேறுபாட்டினால்தான்.

முந்திக்கொண்டவர் அதிக விலை கொடுக்க நேர்வதையும் கமுதி காட்டுகிறது. அந்நிலையத்தின் மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு ரூ.7.01 என்ற விலையில் நீண்டகால ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2017இல் தமிழ்நாட்டிலேயே நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரத்தின் விலை ரூ.3.47 ஆக இறங்கிவிட்டது. தகடுகளின் விலை உலகெங்கும் விழுந்துகொண்டிருந்த காலத்தில் காத்திருந்தவர்கள் மலிவாக வாங்கினார்கள். எல்லோரும் காத்திருந்திருந்தால் விலை விழுந்தே இருக்காது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் இதில் நியாயமான தீர்ப்புச் சொல்ல முடியும்.

மாலை ஆறு மணிக்குப் பிறகே மாற்றத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது. மின்சாரத்தைக் கம்பியில் தேக்கி வைக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். நாடு முழுவதும் ஒன்றாக இணைந்திருக்கும் மின்தொகுப்பில் மின்னோட்டம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகளாக முன்னும் பின்னும் திசை மாறி அலைகிறது. இந்த அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையே நிற்க வேண்டும் என்பது விதி. சித்திரைத் தேரின் வடத்தைப் பிடித்தவர்கள் அனைவரும் ஒரே சீராக இழுத்தால்தான் தேர் நகரும் என்பதுபோல், தொகுப்பிலுள்ள மின்னாக்கிகள் அனைத்தும் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். செலவு கூடினால் தாளம் தளரும், குறைந்தால் விரையும். சூரியன் மறையும் வேளையில் கமுதியும் மற்றச் சூரிய நிலையங்களும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பூச்சியத்திற்கு இறங்குகின்றன. அதே நேரத்தில் மதுரையின் மாசி வீதிகளிலும் புறநகர்களிலும் விளக்குகளும் மின்விசிறிகளும் குளிர்சாதனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய கோடை நாளின் இரவுத் தேவையும் பகல் தேவைக்கு அதிகம் பின்தங்குவதில்லை.

இந்தப் பள்ளத்தை இன்று நிரப்புவது பெரும்பாலும் நிலக்கரிதான். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகளில் முதலாவது 1979இல் இயங்கத் தொடங்கியது. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கும் வரும் நிலக்கரியை நம்பி, நாள் முழுவதும் ஒரே சீராக ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அவை. பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும்போது அவற்றை அணைத்துவிட்டு மாலையில் மூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். குளிர்ந்துபோன கொதிகலனைச் சூடேற்றி, தடித்த எஃகுச் சுவர்கள் வெடிப்பு விடாமல் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டி, முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். எனவே பகலிலும் அவற்றைப் பாதித் திறனில் ஓட விட வேண்டியிருக்கிறது. அனல் நிலையங்கள் 40 விழுக்காடு வரை தாழ்ந்து ஓடக்கூடியவையாக மாற வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதி வகுத்தது. தாழ்ந்து ஓடும்போது நெருப்பு அணையாமல் இருக்க எண்ணெய் தெளிக்க வேண்டும்; யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி கூடும்; நாள்தோறும் ஏறி இறங்கும் வெப்பத்தால் குழாய்கள் விரைவில் தேயும். மலிவான சூரிய மின்சாரத்தின் விலைப்பட்டியலில் இச்செலவு தெரிவதில்லை. ஆனால் யாரோ ஒருவர் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

காற்றின் கதை வேறு. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்கிப் புகும்போது வேகம் பெறுவதால், மே முதல் செப்டம்பர் வரை, சிறப்பாக ஆடியில், காற்றாலைகள் இரவு பகலாகச் சுழல்கின்றன. ஐப்பசி பிறந்ததும் அவை ஓய்ந்துவிடுகின்றன. தென் தமிழகத்தின் நூற்பாலைகள் பல தொண்ணூறுகளிலிருந்தே சொந்தக் காற்றாலைகள் வைத்திருப்பதும், காற்று மிகுந்த மாதங்களில் மின்வாரியத்திடம் கொடுத்த யூனிட்டுகளைக் காற்றில்லாத மாதங்களில் திரும்பப் பெறும் ‘பேங்கிங்’ என்ற ஏற்பாடு நெடுங்காலம் நடைமுறையில் இருந்ததும் தமிழ்நாட்டை இத்துறையில் முன்னோடி ஆக்கின. ஆலைகளுக்கு அது பேருதவி. ஆனால் வாரியம் உண்மையில் எதையும் சேமித்து வைக்கவில்லை. ஆடியில் பெற்றதை அந்த நொடியிலேயே செலவிட்டு, தை மாதத்தில் வேறெங்கோ நிலக்கரியை எரித்தோ விலை கொடுத்து வாங்கியோ திருப்பிக் கொடுத்தது. பருவத்துக்குப் பருவம் நிலவும் இந்த இடைவெளியை மின்கலங்களால் நிரப்புவது இன்றைய விலையில் நடக்கக்கூடியதன்று. அவை மணிக்கணக்கைத்தான் தாங்கும்.

உபரியாகும் காற்று மின்சாரத்தைப் பிற மாநிலங்களுக்கு அனுப்புவதும் நீண்ட காலம் முடியாமல் இருந்தது. தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாக, நாட்டின் பிற பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மதுரை மக்கள் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்த அதே மாநிலத்தில், காற்று வீசிய நாட்களில் காற்றாலைகள் நிறுத்தி வைக்கப்பட்டன என்பது நினைக்க நினைக்க வேதனை தருவது. தேனி மாவட்டம் தப்புக்குண்டில் காற்று மின்சாரத்துக்கென்று 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் எழுந்ததும், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை, இரு திசைகளிலும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லக்கூடிய 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டத் தடம் 2021இல் முழுமை பெற்றதும் பெரிய முன்னேற்றங்கள். ஒரு சூரிய நிலையத்தை ஓராண்டுக்குள் எழுப்பிவிடலாம்; நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிலத்தின் குறுக்கே, ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு விவசாயியின் இசைவைப் பெற்று மின்தடம் அமைக்கப் பல ஆண்டுகள் ஆகும். இந்த வேக வேறுபாட்டைத் திட்டமிடுவோர் போதிய அளவு பொருட்படுத்தவில்லை.

நீரை மேலேற்றி மின்சாரத்தைச் சேமிக்கும் முறை ஒன்று உண்டு. மின்சாரம் மிகுந்த நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேல் நீர்த்தேக்கத்துக்கு நீரை ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் அதைத் திரும்ப விழவிட்டு மின்னாக்கியைச் சுழற்றுவதே நீரேற்று மின் திட்டம். ஆனைமலையில் 1987இல் இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இவ்வகையில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒன்று. நள்ளிரவில் தேவை குறைந்து நிலக்கரி மின்சாரம் மிஞ்சியபோது நீரேற்றுவதற்கென்று திட்டமிடப்பட்ட அது, இனி உச்சி வெயிலில் நீரேற்றி அந்தியில் விழவிட வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது. மதுரைக்கு அருகிலுள்ள பெரியாறு மின் நிலையத்தை இப்படிப் பயன்படுத்த முடியாது. அங்கு நீர் ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏறுவதில்லை. எப்போது எவ்வளவு இறங்க வேண்டும் என்பதையும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களும் வைகை அணையின் தேவையும் மதுரையின் குடிநீரும் முடிவு செய்கின்றன. மின்சாரத்துக்கு அங்கே கடைசி இடம்தான். அது சரியும்கூட.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சேமிப்புக்கு வழி இச்சமவெளியின் கிணறுகளிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் இருபது இலட்சத்துக்கு மேல். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் வட்டாரங்களில் கண்மாய் நீர் வற்றியபின் பயிரைக் காப்பது பம்புசெட்டுதான். விளக்கைப் போலன்றி பயிர் எந்த மணியில் நீர் வந்தது என்று பார்ப்பதில்லை. பகல் பதினொரு மணிக்கு இறைத்தாலும் இரவு இரண்டு மணிக்கு இறைத்தாலும் வயலுக்கு ஒன்றே. எனவே பம்புசெட்டுகளுக்கான மும்முனை மின்சாரத்தைச் சூரிய மின்சாரம் மிகுந்த பகற்பொழுதிலேயே முழுமையாக வழங்கினால், எந்த மின்கலமும் வாங்காமல் பெரும் சுமை ஒன்று இரவிலிருந்து பகலுக்கு இடம்பெயரும். இருட்டில் பாம்புக்கும் பழுதான ஸ்டார்ட்டருக்கும் அஞ்சி மோட்டாரைப் போடச் செல்லும் விவசாயிக்கும் அது நிம்மதி தரும். இதற்கு வேண்டியது, பம்புசெட்டுகளுக்குச் செல்லும் பீடரை, அதாவது மின்வழங்கு தடத்தை, வீடுகளுக்குச் செல்லும் பீடரிலிருந்து பிரிப்பது. அதே பீடரின் அருகில் சிறு சூரிய நிலையம் அமைத்தால் நெடுந்தூரம் மின்சாரம் கடத்துவதில் நேரும் இழப்பும் குறையும். மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது.

இங்கே இலவச மின்சாரத்தின் வரலாறு குறுக்கிடுகிறது. எழுபதுகளில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1978இல், அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த வேடசந்தூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். எண்பதுகளில் சிறு விவசாயிகளுக்குக் கிடைத்த கட்டணமில்லா மின்சாரம் பின்னர் அனைத்து விவசாயிகளுக்கும் விரிந்தது. இரத்தம் சிந்திப் பெற்ற உரிமையாகவே அது கிராமங்களில் நினைக்கப்படுகிறது. மீட்டர் வைக்க வருபவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. ஆயினும் விலையில்லாத மின்சாரத்தில் நேரத்துக்கு நேரம் விலை வேறுபாடு காட்ட வழியில்லை. மீட்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதும் மதிப்பீடே. நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு ஆழத்துக்குப் போக, அதே அளவு நீருக்கு மேலும் மேலும் மின்சாரம் செலவாகிறது. உரிமையைப் பறிக்காமலே இதைச் சீர்செய்ய முடியும்: கட்டணமில்லாமல், ஆனால் பகலில் மட்டும், தடையின்றி, சரியான மின்னழுத்தத்தில் தருவது. விவசாயி நம்பும்படி ஒரு கோடை முழுவதும் அதைத் தந்து காட்டுவதற்கு முன்னால் மீட்டர் பற்றிப் பேசுவது பயனற்றது.

கட்டண விதிகளும் பழைய எரிபொருளின் காலத்தையே நினைவில் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் உயரழுத்த மின்சாரம் பெறும் தொழிற்சாலைகளுக்கு இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை 5 விழுக்காடு தள்ளுபடி நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தது. அனல் நிலையங்கள் நள்ளிரவில் வேலையின்றி நிற்காமல் இருக்க அன்று அது தேவைப்பட்டது. கப்பலூர்த் தொழிற்பேட்டையின் இயந்திரங்கள் நண்பகலில் ஓடினால் நல்லது என்ற இன்றைய நிலையில், அத்தகைய தள்ளுபடி மின்சாரச் செலவைச் சூரியனிடமிருந்து நிலக்கரியை நோக்கித் தள்ளும். மத்திய அரசு 2023இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி நேரத்துக்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும் வகுக்கச் சொல்கின்றன. வேளாண் இணைப்புகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன. இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசமாகப் பெறும் வீடுகளில் கூரைமேல் தகடு வைக்கும் ஆர்வம் எழுவது கடினம். மிகுதியாகச் செலவழிக்கும் வசதியான வீடுகளே முதலில் வைக்கின்றன. அதிகக் கட்டணம் செலுத்திவந்த அவர்கள் விலக விலக, அந்தக் கட்டணத்தால் தாங்கப்பட்டுவந்த எளியோரின் சலுகைக்கான சுமை கடனில் மூழ்கிய மின்வாரியத்தின் தலையிலும் அரசின் தலையிலும் விழுகிறது.

மின்சாரத்துக்கு வெளியே உள்ள எரிபொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் போதும். பேருந்துகளையும் இருசக்கர வண்டிகளையும் மின்சாரத்துக்கு மாற்றுவதில் தொழில்நுட்பத் தடை பெரிதில்லை. அவற்றை அந்தியில் பணிமனைக்கும் வீட்டுக்கும் திரும்பியவுடன் மின்னேற்றினால் அதே மாலைச் சுமை இன்னும் கூடும் என்பதுதான் கவலை. செங்கல் சூளைகளிலும் மானாமதுரையின் மண்பாண்டச் சூளைகளிலும் எரிவது பெரும்பாலும் சீமைக்கருவேல விறகு. அது புதைபடிவ எரிபொருள் அன்று. நிலத்தைப் பாழ்படுத்துவதாகக் கருதப்படும் அம்மரத்தை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டபோது, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் நிலை என்ன என்ற கேள்வியும் எழுந்தது.

அதே கேள்வி கமுதியின் வேலிக்கு வெளியேயும் நிற்கிறது. நிலத்தை விற்றவருக்கு விலை கிடைத்தது; அந்தத் தரிசில் ஆடு மேய்த்தவருக்கும், மழைக்காலத்தில் மிளகாயும் சோளமும் விதைக்கும் வயல்களில் கூலி வேலை செய்தவருக்கும் பத்திரத்தில் பெயரில்லை. ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர் வேண்டும். இனி வர வேண்டிய நிலையங்களும் பெரும்பாலும் இதே வறண்ட மாவட்டங்களைத்தான் நாடும். தகடுகளைச் சற்று உயர்த்தி அமைத்தால் அவற்றின் கீழே ஆடுகள் மேயலாம். புல்லை வெட்டும் செலவும் நிலையத்துக்கு மிச்சமாகும். பல நாடுகளில் இது நடைமுறையில் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று ஆண்டுதோறும் வாடகை தருவதும், மேய்ச்சல் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பதும் ஏலத்தின் நிபந்தனைகளாக இடம்பெற்றால், யூனிட்டின் விலை சில காசுகள் கூடலாம். அந்தச் சில காசுகளை மதுரையின் குளிர்சாதன அறைகள் கொடுப்பதே நியாயம்.